கட்டி இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டுமா?

பக்கவாதம் என்றதும் ஒரு பக்கம் முழுதாக இழுத்துக்கொண்டு, வாய் கோணி, பேச்சற்றுப் படுத்திருப்பவரைத்தான் நினைக்கிறோம். மருத்துவமனைப் பதிவேடுகள் காட்டும் படம் வேறு. ரத்த ஓட்டம் தடைபட்டு வரும் பக்கவாதத்தில் ஏறக்குறையப் பாதி லேசான வகை. கை சற்றுத் தளர்ந்திருக்கும், நாக்கு குழறும், முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். ஆனால் ஆள் தானே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் ஊர் எல்லாம் ஒழுங்காகச் சொல்வார். இப்படி வருகிறவர்களில் சிலருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருக்கும். அடைப்பு பெரிது, பாதிப்பு சிறிது. கதீட்டரைச் செலுத்தி அந்த ரத்தக்கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் வசதி இன்று சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் இருக்கிறது. உடனே எடுப்பதா, மருந்து கொடுத்துக் கவனிப்பதா என்று குடும்பத்தாரிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "இருக்கிறதை எடுத்துடுங்க டாக்டர்" என்பதுதான். இயல்பான பதில். ஆனால் இதுவரை கிடைத்திருக்கும் ஆதாரம் அதன் பக்கம் இல்லை. லேசான பக்கவாதக்காரர்களில் பெரும்பாலோருக்கு, கட்டியை எடுக்க வசதியுள்ள மருத்துவமனையில் சேர்த்து, மோசமானால் உடனே எடுக்கத் தயாராக வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் கவனிப்பதே சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பதில் ஏன் இயல்பாக வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் ஊசி பக்கவாதத்துக்குப் பயன்படும் என்று 1995-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. முதல் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்ற அந்த வரம்பு, 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரமாக நீண்டது. ஆனால் கழுத்திலிருந்து மூளைக்குள் நுழையும் பெரிய குழாயில் நீளமான கட்டி அடைத்துக்கொண்டால், ஊசி மருந்தால் பல நேரம் அதைக் கரைக்க முடிவதில்லை. அங்கேதான் கட்டியை நேரடியாக எடுக்கும் முறை வந்தது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ சிறு துளையிட்டு, தமனி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைக் கழுத்து வரை ஏற்றுகிறார்கள். அதற்குள்ளிருந்து நூல் போன்ற இன்னொரு குழாய் கட்டியைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகிறது. அதன் நுனியில் சுருங்கியிருக்கும் கம்பிவலை விரிந்து கட்டிக்குள் பதிகிறது. சில நிமிடங்கள் காத்திருந்து, ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டே வலையை இழுக்கிறார்கள். வெளியே வந்து பஞ்சுத் துணியில் விழும் பொருள் பெரும்பாலும் ஒரு அரிசிமணியைவிடச் சற்று நீளமான கருஞ்சிவப்புத் துணுக்கு. அவ்வளவுதான். சில சமயம் மேசையிலேயே நோயாளியின் கை அசையத் தொடங்கிவிடும். இதைப் பார்த்த எவருக்கும், பார்த்தவர் சொல்லக் கேட்ட எவருக்கும், கட்டியை உள்ளே விட்டுவைப்பது அபத்தமாகத்தான் தோன்றும்.

2015-ல் இந்தச் சிகிச்சைக்கு அசைக்க முடியாத ஆதாரம் கிடைத்தது. நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த மிஸ்டர் க்ளீன் ஆய்வில், கட்டி எடுக்கப்பட்டவர்களில் 32.6 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்துப் பிறர் துணையின்றி வாழ்ந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 19.1 சதவீதம் பேரே அப்படி இருந்தார்கள். அதே ஆண்டில் மேலும் நான்கு ஆய்வுகள் இதையே சொல்லின. ஐந்தையும் சேர்த்து 1,287 பேரின் விவரங்களை 2016-ல் அலசியபோது தெரிந்தது இது: இரண்டு மூன்று பேருக்குக் கட்டியை எடுத்தால் ஒருவரின் ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் அபூர்வம். ஆனால் அந்த ஐந்து ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். சில ஆய்வுகள் லேசானவர்களைச் சேர்க்கவே கூடாது என்று விதி வைத்திருந்தன. சேர்க்க இடம் கொடுத்தவற்றிலும் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆகவே 2015-ன் வெற்றியைக் காட்டி லேசான பக்கவாதக்காரரை ஆஞ்சியோ மேசைக்கு அழைத்துப் போவது, அந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றை அவற்றின் வாயில் திணிப்பதாகும்.

லேசானது, கடுமையானது என்பதை எப்படி அளக்கிறார்கள்? உலகெங்கும் வழக்கத்தில் இருப்பது என்.ஐ.எச். அளவுகோல். 0 முதல் 42 வரை மதிப்பெண். கூடக் கூடப் பாதிப்பு அதிகம். 5 வரை இருந்தால் லேசானது என்பது பொதுவான கணக்கு. பரிசோதனை எளிது. இது என்ன மாதம், உங்களுக்கு என்ன வயது என்று கேட்பார்கள். கண்ணை மூடித் திறக்கச் சொல்வார்கள், கையைப் பிடித்து விடச் சொல்வார்கள். ஒவ்வொரு கையையும் தூக்கிப் பத்து விநாடி, ஒவ்வொரு காலையும் தூக்கி ஐந்து விநாடி வைத்திருக்க வேண்டும். கண் அசைவு, பார்வைப் பரப்பு, முகம், தொடு உணர்வு, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது என்று போகும். பழகிய செவிலியர் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். ஆனால் இந்த அளவுகோலில் நடை கிடையாது. நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்க்காமலே முழு மதிப்பெண்ணும் போட்டுவிடலாம். விரல்களின் நுட்ப வலுவும் கிடையாது. தோளிலிருந்து கை தாழாமல் நின்றால் போதும். மூளையின் இடது பக்கத்தோடு தொடர்புடைய மொழித்திறனுக்கு 7 மதிப்பெண் வரை போகிறது. வலது பக்கம் பாதிக்கப்பட்டு உடலின் ஒரு பாதியையே உணராமல் போகும் நிலைக்கு 2 தான். பின்மூளைக் குழாய் அடைபட்டுத் தலை சுற்றி, நிற்க முடியாமல் சாய்பவர் மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு 'லேசானவர்' பட்டியலில் போய்விடலாம். இதைப் பின்னால் மறுபடி எடுக்கிறேன். ஏனென்றால் என் வாதத்துக்கு எதிரான பலமான ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது.

பெரிய குழாய் அடைத்தும் பாதிப்பு ஏன் சிறிதாக இருக்கிறது? மூளையின் மேற்பரப்பில் ஒரு தமனியின் கிளைகள் பக்கத்துத் தமனியின் கிளைகளோடு நுண்ணிய இணைப்புகளால் கோத்திருக்கின்றன. தலைமதகு அடைத்துக்கொண்டாலும் பக்கத்து வாய்க்காலின் கசிவில் பயிர் சில நாள் வாடாமல் நிற்பதுபோல, அடைபட்ட பகுதிக்குப் பின்வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்து சேர்கிறது. இந்தத் துணை ஓட்டம் சிலருக்குப் பிறவியிலேயே தாராளம், சிலருக்குப் பஞ்சம். தாராளமாக உள்ளவர் பெரிய அடைப்போடும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த ஓட்டம் ரத்த அழுத்தத்தை நம்பி இருப்பது. அழுத்தம் இறங்கினால் ஓட்டமும் இறங்கும். கட்டி சற்று நகர்ந்து ஒரு கிளையின் வாயை மூடினாலும் நிலைமை மாறிவிடும். ஆகவே லேசான பக்கவாதம் என்பது அந்த நேரத்துப் பாதிப்பைச் சொல்லும் பெயர். அடுத்த நாள் எப்படி இருப்பார் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. பெரிய குழாய் அடைப்போடு லேசான பக்கவாதம் வந்து, கரைக்கும் ஊசி போடப்பட்ட 729 பேரின் விவரங்களைப் பிரெஞ்சு மருத்துவர்கள் தொகுத்து 2021-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 12 சதவீதம் பேர் ஒரு நாளுக்குள் குறிப்பிடத்தக்க அளவில் மோசமானார்கள். அடைப்பு குழாயின் தொடக்கத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, கட்டி எவ்வளவு நீளமோ, அந்த அளவுக்கு அபாயம் கூடியது.

எட்டில் ஒருவர் மோசமாவார் என்றால், எட்டுப் பேருக்கும் முன்கூட்டியே கட்டியை எடுத்துவிடலாமே? இந்த இடத்தில்தான் கணக்கு நம் உள்ளுணர்வோடு முரண்படுகிறது. கடுமையான பக்கவாதக்காரர் நூறு பேரை மருந்தோடு மட்டும் விட்டால், 2015 ஆய்வுகளின்படி ஏறக்குறைய 26 பேர்தான் சொந்தக்காலில் நிற்பார்கள். மீதி 74 பேருக்கு இழக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சிகிச்சை அவர்களில் பலரை மேலே தூக்க முடியும். அதில் சிலருக்குத் தீங்கு நேர்ந்தாலும் கூட்டிக் கழித்தால் லாபம் பல மடங்கு. லேசானவர்களில் நிலைமை தலைகீழ். எந்தப் பெரிய தலையீடும் இல்லாமலே நூற்றில் எழுபத்தைந்து, எண்பது பேர் நல்லபடியாகத் தேறிவிடுகிறார்கள். சிகிச்சையால் மேலே தூக்கப்படக் காத்திருப்பவர்கள் கொஞ்சம். சிகிச்சையால் கீழே தள்ளப்படக்கூடியவர்கள் அதிகம். செய்முறையின் அபாயமோ நோயாளி லேசானவர் என்பதற்காகக் குறைந்துவிடுவதில்லை. கம்பி தமனிச் சுவரைக் கிழிக்கலாம். கட்டி உடைந்து இதுவரை நன்றாயிருந்த கிளைக்குள் போகலாம். ஓட்டம் திரும்பிய இடத்தில் ரத்தம் கசியலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்றுக்கொள்ளக்கூடிய அதே ஆபத்து, தானாகவே தேறியிருக்கக்கூடியவருக்கு ஏற்க முடியாததாகிவிடுகிறது.

இது காகிதக் கணக்கு மட்டுமில்லை என்பதற்கு, கரைக்கும் மருந்துகளைச் சோதித்த ஆய்வுகள் சாட்சி. ஊனப்படுத்தாத லேசான பக்கவாதத்தில் அல்டிப்ளேஸையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட பிரிஸ்ம்ஸ் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. ஆட்கள் சேர்வது மந்தமானதால் 313 பேரோடு நிறுத்தப்பட்டு 2018-ல் வெளியானது. மூன்று மாதத்தில் மிக நன்றாக இருந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 78.2 சதவீதம், ஆஸ்பிரின் பெற்றவர்களில் 81.5 சதவீதம். மூளைக்குள் அறிகுறியோடு கூடிய ரத்தக் கசிவு ஊசி பக்கம் 3.2 சதவீதம்; ஆஸ்பிரின் பக்கம் ஒருவருக்கும் இல்லை. 2023-ல் சீனாவிலிருந்து வந்த அராமிஸ் ஆய்வில், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த மாத்திரை வழி, ஊசிக்குச் சற்றும் சளைக்கவில்லை. இவற்றிலெல்லாம் ஸ்கேனில் அடைப்பு தெரிந்தவர்கள் தனியாகப் பொறுக்கப்படவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். அதற்காகவே நடந்தது டெம்போ-2. கனடாவின் கால்கரியிலிருந்து வழிநடத்தப்பட்டு, 10 நாடுகளில், அடைப்பு ஸ்கேனில் உறுதியான லேசான பக்கவாதக்காரர்களுக்கு 12 மணி நேரத்துக்குள் டெனெக்டிப்ளேஸ் என்ற கரைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, மருந்து அதைத் திறக்கிறது, ஆகவே பலன் நிச்சயம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 886 பேரோடு ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் மருந்து பெறாதவர்களில் 75 சதவீதம், பெற்றவர்களில் 72 சதவீதம். இறந்தவர்கள் முதல் பிரிவில் 1 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம். 2024-ல் வெளியான இந்த முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். அடைப்பைத் திறப்பதும் நோயாளியைத் தேற்றுவதும் எப்போதும் ஒன்றாகவே நடக்கும் என்ற நம்பிக்கையின் மேல் விழுந்த அடி அது.

அதெல்லாம் மருந்து, உடல் முழுக்கப் பரவி ரத்தத்தை நீர்க்கச் செய்வது, கட்டியைக் கையால் எடுப்பது போன்ற துல்லியமான வேலையோடு அதை ஒப்பிடலாமா என்பது நியாயமான கேள்வி. துல்லியத்துக்கும் எல்லை உண்டு என்று 2025 பிப்ரவரியில் ஒரே சமயத்தில் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. எஸ்கேப்-மீவோ, டிஸ்டல் என்ற இவ்விரண்டும் மூளைக்குள் இன்னும் தள்ளியிருக்கும் நடுத்தர, சிறு குழாய்களில் உள்ள கட்டியை எடுத்துப் பார்த்தவை. இரண்டிலும் நோயாளிகளுக்குப் பலன் இல்லை. முதல் ஆய்வில் 530 பேர். நன்கு தேறியவர்கள் கட்டி எடுக்கப்பட்டவர்களில் 41.6 சதவீதம், மற்றவர்களில் 43.1 சதவீதம். மூளை ரத்தக் கசிவு முறையே 5.4 சதவீதம், 2.2 சதவீதம். இந்த நோயாளிகளில் பலர் லேசான பக்கவாதக்காரர்கள் அல்ல என்பது உண்மை. ஆகவே இதை நேரடிச் சான்றாக நான் வைக்கவில்லை. கட்டி தெரிகிறது, எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது, எடுக்கவும் முடிகிறது என்ற மூன்றும் சேர்ந்தாலும் நோயாளிக்கு நன்மை என்று முடிவாகிவிடாது; இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவ்வளவே. லேசான பக்கவாதத்தை நேரடியாகத் தொட்ட பிரெஞ்சுப் பதிவேட்டு ஆய்வொன்றும் 2020-ல் வந்தது. ஊசியோடு நிறுத்திக்கொண்டவர்களையும், ஊசிக்குப் பின் கட்டியும் எடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டபோது மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால், நடுப் பெருமூளைத் தமனியின் தொடக்கத்திலேயே அடைப்பு உள்ளவர்களுக்குக் கட்டி எடுத்தது நல்லதாகவும், அதன் அடுத்த கிளையில் அடைப்பு உள்ளவர்களுக்குக் கெடுதலாகவும் இருந்தது. எந்தக் குழாய், எந்த இடம் என்று கேட்காமல் 'பெரிய அடைப்பு' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதே தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கட்டியை எடுத்த பல மருத்துவமனைகள் தங்கள் அனுபவத்தை நல்ல முடிவுகளோடு வெளியிட்டிருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். ஆனால் லேசானவர்களில் யாருக்குக் கட்டி எடுக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது மருத்துவரின் கண். மோசமாகப் போகிறார் என்று தோன்றியவரை மேசைக்கு அனுப்பியிருக்கலாம். அப்போது சிகிச்சை கெட்டதுபோலத் தெரியும். வயது குறைந்த, உடல் திடமான, எளிதில் எட்டக்கூடிய அடைப்பு உள்ளவரைத் தேர்ந்திருக்கலாம். அப்போது அதே சிகிச்சை அற்புதமாகத் தெரியும். குலுக்கிப் போட்டுப் பிரிக்காத எந்த ஒப்பீட்டிலும் இந்தச் சிக்கல் தீராது. நான் மேலே சொன்ன பிரெஞ்சுப் பதிவேட்டுக்கும் இது பொருந்தும். எனக்குச் சாதகம் என்பதால் அதற்கு விலக்குக் கேட்க மாட்டேன். இதனால்தான் பிரான்ஸில் மோஸ்டே, அமெரிக்காவில் என்டோலோ என்ற இரண்டு ஆய்வுகள் தொடங்கப்பட்டன. உடனே எடுப்பதையும், மருந்தோடு கவனித்திருந்து மோசமானால் மட்டும் எடுப்பதையும் குலுக்கல் முறையில் ஒப்பிடுவது அவற்றின் நோக்கம். அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2019 வழிகாட்டுதலும் கடுமையானவர்களுக்குக் கட்டி எடுப்பதை உறுதியாகப் பரிந்துரைத்துவிட்டு, 6-க்குக் குறைந்த மதிப்பெண் உள்ளவர்களுக்கு 'செய்து பார்க்கலாம், பலன் உறுதியில்லை' என்ற ரீதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

காத்திருந்து மோசமான பிறகு எடுத்தால் காலம் கடந்துவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான். காத்திருந்து மோசமாகி, அதன்பின் கட்டி எடுக்கப்பட்டவர்கள், தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள் என்று சில பதிவேடுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஒப்பீடு யாரை யாரோடு வைக்கிறது? காத்திருந்தவர்களில் மோசமானவர்களை மட்டும் பிரித்தெடுத்து, உடனே எடுக்கப்பட்ட அத்தனை பேரோடும் வைக்கிறது. காத்திருந்து தானாகத் தேறிய பெரும்பான்மை அந்தக் கணக்கில் வரவே இல்லை. நியாயமான கேள்வி வேறு: நூறு பேரைக் கவனித்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் எடுத்தால் நூறு பேரின் கதி என்ன, நூறு பேருக்கும் உடனே எடுத்தால் நூறு பேரின் கதி என்ன? முதல் வழியில் சுமார் பன்னிரண்டு பேர் தாமதத்துக்கு விலை கொடுக்கக்கூடும். இரண்டாம் வழியில் எண்பத்தெட்டுப் பேர் தேவையில்லாத ஆபத்தைச் சுமப்பார்கள். பன்னிரண்டு பேரின் இழப்பு சின்னதில்லை. அதைக் குறைக்கும் வழி, யார் அந்தப் பன்னிரண்டில் வரக்கூடும் என்று அடைப்பின் இடத்தையும் கட்டியின் நீளத்தையும் வைத்து முன்கூட்டியே கணிப்பது, கவனிப்பை இறுக்குவது.

கவனிப்பு என்று நான் சொல்வது வார்டில் ஒரு கட்டிலைக் கொடுத்துவிட்டுக் காலை ரவுண்ட்ஸில் எட்டிப்பார்ப்பதை அல்ல. முதல் நாள் முழுவதும் குறுகிய இடைவெளியில் அதே என்.ஐ.எச். பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது. எழுந்து உட்கார்ந்தால், கழிவறைக்கு நடந்தால் பலவீனம் கூடுகிறதா என்று பார்ப்பது. ரத்த அழுத்தம் இறங்காமல் காப்பது. உடலில் நீர் வற்ற விடாமல் இருப்பது. மோசமானால் நள்ளிரவானாலும் ஆஞ்சியோ குழுவைக் கூப்பிட்டு உடனே வேலையைத் தொடங்கும் ஏற்பாட்டோடு இருப்பது. கூடவே, தகுதியுள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த மாத்திரை. 2013-ல் சீனாவில் 5,170 பேரிடம் நடந்த சான்ஸ் ஆய்வில், லேசான பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தபோது 11.7 சதவீதம், இரண்டும் எடுத்தபோது 8.2 சதவீதம். சில ரூபாய் மாத்திரையின் பலன் இது.

இனி, விட்டுவைத்த ஆட்சேபம். மதிப்பெண் 3 தான், ஆனால் அந்த மூன்றும் பேச்சில் விழுந்திருக்கிறது, அவர் ஆசிரியர். மதிப்பெண் 1 தான், ஆனால் வலதுகை விரல்களால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை, அவர் தையற்காரர். பார்வையில் பாதி போய்விட்டது, மதிப்பெண் 2. அவர் லாரி ஓட்டுபவர். இவர்களையும் மருந்து கொடுத்துக் கவனி என்பீர்களா? மாட்டேன். பிரிஸ்ம்ஸ் ஆய்வு ஊனப்படுத்தாத பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டதன் காரணமும் இதுதான். ஊசி மருந்து விஷயத்தில் வழிகாட்டுதல்கள் எண்ணை மட்டும் பார்ப்பதை விட்டு, இந்தப் பாதிப்பு இப்படியே நின்றுவிட்டால் இவர் தன் வேலையை, தன் அன்றாடத்தைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு வந்துவிட்டன. கட்டி எடுப்பதிலும் அதே கோடுதான் சரி. பேச்சு போனவரும் நிற்க முடியாதவரும் மதிப்பெண் என்ன சொன்னாலும் லேசானவர்கள் இல்லை. அவர்களுக்குத் திறக்கக்கூடிய அடைப்பு தமனியின் தொடக்கத்தில் இருந்தால், எடுப்பதன் பக்கம் தராசு சாய்கிறது. நான் நிதானம் கேட்பது, அறிகுறி உண்மையிலேயே சிறிதாக இருந்து, ஸ்கேனில் தெரியும் கட்டி ஒன்றுதான் அவசரத்தை உண்டாக்குகிறது என்னும் நிலையில்.

நம் ஊர் நிலைமையை வைத்து இன்னொரு வாதம் எழும். மணிக்கொரு தரம் பரிசோதிக்க ஆள் எங்கே, நள்ளிரவில் ஆஞ்சியோ குழு எங்கே; கவனிப்பு பேச்சளவில்தான் இருக்கும், அதைவிட இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லதில்லையா? இதில் பாதி உண்மை. ஆனால் இரவில் நோயாளியைக் கவனிக்க ஆளில்லாத மருத்துவமனை, கட்டி எடுத்தபின் வரக்கூடிய ரத்தக் கசிவையும் கவனிக்கப் போவதில்லை. கவனிப்பில் குறையுள்ள இடத்தில் செய்முறையும் ஆபத்தானதுதான். அந்தக் குறைக்குப் பரிகாரம், லேசான பக்கவாதத்தோடு பெரிய அடைப்பும் உள்ளவரை இரண்டுக்கும் வசதியுள்ள மையத்துக்கு முதல் மணிகளிலேயே மாற்றிவிடுவது. பணத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பிவலையும் கதீட்டர்களும் சேர்ந்த இந்தச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளில் லட்சக்கணக்கில் செலவாகிறது. செய்தால் கட்டணம் உண்டு, செய்யாமல் விழித்திருந்து கவனித்தால் பில்லில் எழுத ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு, எவ்வளவு நேர்மையான மருத்துவரையும் ஒரு பக்கமாகத் தள்ளவே செய்யும். இதற்காக எந்த மருத்துவரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம் என்கிறேன்.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முகம் சரிந்தாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது லேசாக இருந்தாலும், சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அதைச் சரேலென இறக்கிவிடாதீர்கள். அடைபட்ட பகுதியை அந்நேரம் உயிரோடு வைத்திருப்பது அந்த அழுத்தம்தான். ஊசி போடாத நிலையில் 220 வரை போனாலும் பொறுத்துக்கொள்ளும்படி மருத்துவர்களுக்கே அறிவுரை இருக்கிறது. ஸ்கேனில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று தெரியும் வரை ஆஸ்பிரினும் வாயில் போட வேண்டாம். மருத்துவமனையில் கட்டியை எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், அடைப்பு எந்தக் குழாயில் எந்த இடத்தில் இருக்கிறது, இப்போதுள்ள பாதிப்பு இப்படியே நின்றால் இவரால் எதைச் செய்ய முடியாமல் போகும், எடுக்காமல் கவனித்தால் இன்றிரவு யார் எத்தனை முறை வந்து பார்ப்பார்கள், மோசமானால் எவ்வளவு நேரத்தில் எடுக்க முடியும் என்று கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அந்த வசதி உள்ள இடத்துக்கு உடனே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.